கணக்கில் இருந்த சேதமும் கணக்கில் வராத சேதமும்: சிலிக்கன் உணரிகளில் கதிர்வீச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத ஆரம்பம். ஜெனிவாவுக்கு அருகே, பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் செசி என்ற ஊரில், நிலத்துக்குக் கீழே சுமார் 100 மீற்றர் ஆழத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தின் எல்.எச்.சி. துகள் மோதுவியில் சி.எம்.எஸ் பரிசோதனை ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, மோதலில் பிறக்கும் துகள்களின் பாதையைப் பதியும் பிக்சல் உணரியின் சில பகுதிகள், வழக்கம்போல அணைத்துவிட்டு எழுப்பியபோது எழவில்லை. அந்த உணரி அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் பொருத்தப்பட்டது. ஆண்டு முடிவதற்குள், அதற்கு வலு வழங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட, வோல்ட்டளவை இறக்கிக் கொடுக்கும் சிறு மாற்றிகளில் ஏறத்தாழ 5 வீதம் செத்துப்போயின.

உணரியின் சிலிக்கன் தகடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை கதிர்வீச்சில் அடிபட்டுக்கொண்டுதான் இருந்தன; ஆனால் எவ்வளவு அடிபட வேண்டுமென்று கணித்திருந்தார்களோ அவ்வளவுதான். விழுந்தது அவற்றுக்கு மின் கொடுத்த பெட்டி. இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்கு எனக்கு இருந்த காரணம் அதுதான்.

திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் மாணவர்கள் சிலரோடு வார இறுதியில் கூடிப் படிக்கும் சிறு வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. படகுகளின் ஆழமானி, ஜி.பி.எஸ், இன்வேட்டர் ஆகியவற்றைத் திருத்தும் அண்ணை ஒருவரும் வந்து உட்காருவார். அவர் பாடப்புத்தகத்தை மூடிவைத்து நெடுங்காலம் ஆகிறது. ஆனால் பழுதான பலகைகளைப் பார்த்த அளவில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நிகழ்வை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி இது: “சேர், ஓடிக்கொண்டிருக்கும்போது செத்ததா, அணைத்து எழுப்பும்போது செத்ததா?” பல மாதம் நிபுணர்களை அலைக்கழித்த விடயத்தின் நுனி அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், கணக்கில் இருந்த சேதம் எது என்று பார்க்க வேண்டும்.

பளிங்குக்குள் நடப்பது

கதிர்வீச்சு என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவில் வருவது புல்மோட்டை மணல். இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கன் ஆகியவற்றோடு அங்கே மொனசைற்றும் உண்டு. மொனசைற்றுக்குள் தோரியம் உண்டு. ஆகவே, “அந்த மணலை ஒரு சிலிக்கன் இருவாயியின் மேல் கொட்டி வைத்தால் இருவாயி பழுதாகுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. விடை: நடைமுறையில் ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் பௌதிகம் இருக்கிறது.

சிலிக்கன் பளிங்கில் ஓர் அணுவை அதன் இடத்திலிருந்து பெயர்க்க ஏறத்தாழ 25 இலத்திரன்வோல்ட்டு வேண்டும். சிறிய தொகைதான். ஆனால் இலத்திரன் இலேசானது; கனமான சிலிக்கன் அணுவில் மோதி அந்தத் தொகையைக் கொடுப்பதற்கு அதன் கையிலேயே சுமார் 250 கிலோ இலத்திரன்வோல்ட்டு இருக்க வேண்டும். காமாக் கதிர் இலத்திரன்களின் ஊடாகவே வேலை செய்வதால் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே அணுக்களைப் பெயர்க்கும். நியூத்திரன், புரோத்தன், பயோன் ஆகியவற்றின் கதை வேறு. 1 மெகா இலத்திரன்வோல்ட்டு நியூத்திரன் ஒன்று சிலிக்கன் கருவில் நேராக மோதினால், அந்த அணு 130 கிலோ இலத்திரன்வோல்ட்டு வரை வாங்கிக்கொண்டு புறப்பட்டு, வழியில் நூற்றுக்கணக்கான அணுக்களை இடம்பெயர்க்கும். அவற்றுள் பெரும்பாலானவை உடனேயே வெற்றிடங்களுக்குத் திரும்பிவிடும். எஞ்சியவை மாசணுக்களோடு சேர்ந்து நிலையான குறைபாடுகளாகத் தங்கும்.

துகள் எதுவானாலும், அது செய்யும் இடப்பெயர்வுச் சேதத்தை 1 மெகா இலத்திரன்வோல்ட்டு நியூத்திரன்களின் கணக்குக்கு மாற்றி எழுதுவது இத்துறையின் வழக்கம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை ‘சமவலு நியூத்திரன்’ என்பார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மூன்று விடயங்களை முன்கூட்டியே சொல்லலாம்.

முதலாவது, பொசிவு மின்னோட்டம். பின்முகக் கோடலில் இருக்கும் இருவாயியில் ஓடக்கூடாத மின்னோட்டம் இது. இதன் உயர்வு, கனவளவையும் சமவலு நியூத்திரன் எண்ணையும் பெருக்கிய தொகைக்கு நேர்விகிதமானது. மாறிலி, 60 பாகைச் சூட்டில் 80 நிமிடம் வைத்துக் குறைபாடுகளை ஆற்றிய பின் 20 பாகை வெப்பநிலைக்கு, சென்ரிமீற்றருக்குச் சுமார் 4 × 10⁻¹⁷ அம்பியர். சிலிக்கன் எந்த முறையில் வளர்க்கப்பட்டது, எந்த வகை என்பதெல்லாம் இந்த மாறிலியை அநேகமாகத் தொடுவதில்லை. இயற்கை இவ்வளவு ஒத்துழைப்பது அபூர்வம்.

இரண்டாவது, மாசூட்டலின் மாற்றம். என்-வகைச் சிலிக்கன் அடிபட அடிபடத் தன் தன்மையை இழந்து, சதுர சென்ரிமீற்றருக்கு 10¹³ என்ற அளவை அண்டும்போது பி-வகை போல நடக்கத் தொடங்கும். அதன் பின், முழுத் தகட்டையும் வறிதாக்க, அதாவது கட்டற்ற ஏற்றங்கள் இல்லாத பகுதியாக்க, தேவையான வோல்ட்டளவு ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் வழங்கியால் கொடுக்க இயலாத அளவை அது தாண்டும். சிலிக்கனுக்குள் ஒட்சிசனைச் சேர்த்தால் ஏற்றப்பட்ட துகள்களின் சேதம் குறைகிறது என்று ஆர்.டி.48 கூட்டாய்வு காட்டியது. 2002இல் தொடங்கிய ஆர்.டி.50 இந்த வேலையைத் தொடர்ந்தது. பிக்சல் தகடுகளை என்-வகைப் பட்டைகளோடு செய்ததும் இதற்காகவே. தன்மை மாறிய பிறகு வறிதாகும் பகுதி பிக்சல் பக்கத்திலிருந்தே வளரும் என்பதால், முழுதாக வறிதாகாத தகடும் சமிக்ஞை கொடுக்கும்.

மூன்றாவது, பொறிகள். துகள் கடந்துபோகையில் விடுவிக்கும் இலத்திரன்கள் பிக்சலைச் சேர்வதற்குள் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சமிக்ஞை மெலியும், வோல்ட்டளவை ஏற்றிச் சமாளிப்பார்கள்.

வெப்பநிலை என்ற வட்டிக்காரன்

கணக்கொன்றைக் கரும்பலகையில் போட்டோம். 285 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தகட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றர்; சமவலு நியூத்திரன் 10¹⁵. பெருக்கினால் 20 பாகையில் 1.1 மில்லி அம்பியர் பொசிகிறது. 500 வோல்ட்டில் இது அரை உவாற்றுக்கு மேல். இதே தகட்டை எங்கள் வகுப்பறையில், கச்சான் காற்று வீசாத ஒரு மதியத்தில், 30 பாகையில் வைத்தால் 2.7 மில்லி அம்பியர், 1.3 உவாற்றுக்கு மேல். சூடு ஏறினால் பொசிவு ஏறும், பொசிவு ஏறினால் சூடு ஏறும். தடுக்க ஆளில்லாவிட்டால் இது நில்லாது ஓடித் தகட்டையே முடித்துவிடும். -20 பாகைக்கு இறக்கினால் அதே தகட்டில் 19 மைக்ரோ அம்பியர்தான். 30 பாகைக்கும் -20 பாகைக்கும் இடையே 140 மடங்கு.

இதை நம்பவைக்க அண்ணை தன் பெட்டியிலிருந்து பி.பி.டபிள்யூ 34 என்ற ஒளி இருவாயி ஒன்றைக் கொண்டுவந்தார். தரவுத்தாளில் இதன் இருள் மின்னோட்டம் 10 வோல்ட்டில் வழக்கமாக 2 நானோ அம்பியர். நானோ அம்பியரை அளக்க எங்களிடம் கருவி ஏது? ஆனால் சாதாரண இலக்கப் பல்மானியின் வோல்ட்டு அளவீட்டில் உள்ளே 10 மெகா ஓம் தடை இருக்கிறது. இருவாயியைக் கறுப்பு நாடாவால் இறுகச் சுற்றி, 9 வோல்ட்டு மின்கலத்தோடு பின்முகமாக, பல்மானிக்குத் தொடராக இணைத்தால், ஒரு நானோ அம்பியருக்கு 10 மில்லிவோல்ட்டு காட்டும். நாடாவில் ஊசி முனையளவு இடைவெளி இருந்தாலும் வாசிப்பு துள்ளும். ஆகவே மேலே அலுமினியத் தாளையும் சுற்றினார். பிறகு இரண்டு விரலால் இருவாயியைப் பிடித்துக்கொண்டார். உடற்சூடு ஏறியதும் எண்கள் மெல்ல ஏறின, விட்டதும் இறங்கின. மாணவர்கள் வரிசையில் நின்று பிடித்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு எதுவும் இல்லை, வெப்பம் மட்டும்தான். பொசிவு கூடியதை வைத்துச் சேதம் கூடிற்று என்று எவராவது சொன்னால், “வெப்பநிலை என்ன?” என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அதன் பிறகு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குளிருக்கு இன்னொரு பயனும் உண்டு. அடிபட்ட தகட்டை அறை வெப்பநிலையில் விட்டால் முதலில் சில நாட்கள் நன்மை நடக்கும். குறைபாடுகளில் ஒரு பகுதி ஆறும். அதோடு நிற்காமல் மாதக்கணக்கில் விட்டால், உறங்கிக் கிடந்த குறைபாடுகள் எழுந்து வறிதாக்கும் வோல்ட்டளவை மீண்டும் ஏற்றும். உறைநிலைக்குக் கீழே அந்த எழுச்சி அநேகமாக நின்றுவிடும். மோதல் இல்லாத மாதங்களிலும் உணரியைக் குளிரில் வைத்திருப்பது இதனால்தான். புதிய சி.எம்.எஸ் பிக்சல் உணரிக்கு, -20 பாகை அளவில், கொதிக்கும் திரவக் காபனீரொட்சைட்டு குளிர் கொடுத்தது.

இவ்வளவும் கணக்கில் இருந்த சேதம். எந்த ஆண்டில் எவ்வளவு பொசியும், எப்போது எத்தனை வோல்ட்டு வேண்டும் என்றெல்லாம் வரைபு போட்டு வைத்திருந்தார்கள். அளவீடுகளும் பெரும்பாலும் அந்த வரைபுகளைப் பின்தொடர்ந்தன.

2015: முதல் அறிகுறி

கணக்கில் வராத சேதம் சி.எம்.எஸ்ஸில் தலைகாட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, மோதுவி வளையத்தின் எதிர்ப்புறத்து அட்லஸ் பரிசோதனையில் ஓர் அறிகுறி தெரிந்தது. அங்கே 2014 மேயில், துகள் கற்றையிலிருந்து 33 மில்லிமீற்றர் தூரத்தில் ஒரு புதிய உள் அடுக்கு நுழைக்கப்பட்டது. 2015 இலையுதிர் காலத்தில், அதன் வாசிப்புச் சில்லுகள் இழுக்கும் தாழ் வோல்ட்டளவு மின்னோட்டம் திடீரென ஏறத் தொடங்கியது. தகடு இழுக்கும் மின்னோட்டம் அல்ல, சில்லு இழுப்பது.

சில்லுக்குள் அணு இடம்பெயர்வது பெரிய பிரச்சினை அல்ல. அங்கே அடிவாங்குவது ஒட்சைட்டு. திரான்சிற்றர்களைப் பிரிக்கும் ஒட்சைட்டு வாய்க்கால்களில் கதிர்வீச்சு துளைகளைச் சிக்கவைக்கிறது. சிக்கிய நேர் ஏற்றம், அணைந்திருக்க வேண்டிய திரான்சிற்றரின் ஓரமாக ஒரு கள்ளப் பாதையைத் திறந்துவிடுகிறது. சிறிது காலத்தின் பின் ஒட்சைட்டின் எல்லையில் எதிர் ஏற்றப் பொறிகள் வளர்ந்து அந்தப் பாதையை அடைக்கின்றன. ஆகவே மின்னோட்டம் ஏறி, 10 கிலோ கிரே (கிரே என்பது உள்வாங்கிய கதிர்வீச்சின் அலகு) அளவில் உச்சம் தொட்டு, தானாக இறங்கும். (புல்மோட்டை மாணவிக்கு: உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறும் சராசரி 2.4 மில்லி சீவேட்டு. மில்லி சீவேட்டை மில்லி கிரே என்று ஏறத்தாழ எடுத்துக்கொண்டால், அந்த உச்சத்தைத் தொட 40 இலட்சம் ஆண்டு காத்திருக்க வேண்டும்.)

சுவையான பகுதி இதன் பின்தான் வருகிறது. கூடிய மின்னோட்டம் கூடிய சூடு. அந்த அடுக்கின் தாங்கிகள் ஒரு பாகை மாறினால் நடுவில் சுமார் 10 மைக்ரோமீற்றர் வளைபவை. உணரியோ அதே அளவிலான நுணுக்கத்தில் துகளின் பாதையைச் சொல்ல வேண்டியது. ஒட்சைட்டில் சிக்கிய ஏற்றம் கடைசியில் இடத்தை அளப்பதில் பிழையாக வெளிவந்தது. சிறிது காலம் அந்த அடுக்கை அணைத்துவைத்தே தரவு எடுத்தார்கள். பின்னர் சில்லின் இலக்கப் பகுதிக்கான வழங்கலை 1.2 வோல்ட்டிலிருந்து 1.0 வோல்ட்டுக்கு இறக்கி, இயக்க வெப்பநிலையைச் சற்று உயர்த்தினார்கள். தகட்டுக்குக் குளிர் வேண்டும், ஒட்சைட்டில் சிக்கிய ஏற்றம் விடுபடச் சில்லுக்குச் சூடு வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை. வேறு வழி இல்லாமல் தகட்டின் ஆயுளில் கொஞ்சத்தைச் சில்லுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அது சரியான தீர்மானமாகவே படுகிறது.

2017: மாற்றிகள்

சி.எம்.எஸ்ஸுக்கு வருவோம். புதிய பிக்சல் உணரியில் 12 கோடிக்கு மேற்பட்ட பிக்சல்கள். உள் அடுக்கு கற்றையிலிருந்து 29 மில்லிமீற்றர். பழையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வாசிப்பு வழிகள், ஆகவே ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம். ஆனால் வெளியிலிருந்து வரும் கம்பிகள் பழையவை. அவற்றை மாற்ற இடமில்லை. உயர்தர மாணவனுக்குத் தெரிந்த விடைதான்: உயர்ந்த வோல்ட்டளவில் அனுப்பு, அருகில் வைத்து இறக்கு. ஏறத்தாழ 10 வோல்ட்டில் அனுப்பி, உணரியின் ஓரத்தில் 2 முதல் 3 வோல்ட்டு அளவுக்கு இறக்கினால் கம்பியில் மின்னோட்டம் மூன்றில் ஒன்றுக்கோ நான்கில் ஒன்றுக்கோ குறையும். கம்பியின் சூடு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழும்.

அந்த மாற்றியின் படத்தைக் காட்டியதும் அண்ணை, “சுருளுக்குள் ஃபெரைற்று எங்கே?” என்றார். சுருளின் நடுவே வழக்கமாக வைக்கும் காந்தப் பொருளைக் கேட்டார். இல்லை. 3.8 தெஸ்லா காந்தப்புலத்துக்குள் ஃபெரைற்று நிரம்பல் அடைந்து பயனற்றுப் போகும். வெறும் காற்றைச் சுற்றிய சுருள். சில்லு, கதிர்வீச்சைத் தாங்கவென்றே சேர்னில் வடிவமைக்கப்பட்டது.

இனி அணைத்து எழுப்பும் விடயம். பிக்சல்களின் தரவை ஒழுங்குபடுத்தி அனுப்பும் சில்லு ஒன்று உண்டு. துகள் ஒன்று அதன் ஒரு நினைவு முனையில் பட்டு 0ஐ 1 ஆக்கிவிட்டால் சில சமயம் அது உறைந்துபோகும். அந்த முனையை மீட்கத் தனிக் கட்டளை வடிவமைப்பில் இல்லை; வலுவை நிறுத்திக் கொடுப்பதே வழி. தூரத்திலிருக்கும் பெரிய வழங்கியை நிறுத்தினால் பல பகுதிகள் சேர்ந்து அணையும் என்பதால், அந்தந்த மாற்றிக்கு ‘நிறுத்து’, ‘எழு’ என்று கட்டளை கொடுத்தார்கள். ஓட்டத்தின்போது இது அன்றாட வேலையாயிற்று.

‘நிறுத்து’ என்றதும் மாற்றி வெளியீட்டை நிறுத்தும். ஆனால் உள்ளீட்டில் 10 வோல்ட்டு வந்தபடியே நிற்கும். உயர் வோல்ட்டளவைத் தாங்கும் ஒரு திரான்சிற்றரில், அட்லஸ் சில்லில் நடந்ததைப் போலவே, கதிர்வீச்சால் ஒரு பொசிவு வளர்ந்திருந்தது. மாற்றி ஓடும்போது அந்தச் சொட்டு மின்னோட்டத்தை மற்றச் சுற்றுகள் குடித்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. நிறுத்திய நிலையில் குடிக்க ஆளில்லை. சொட்டுச் சொட்டாக அது உள் வழங்கல் முனையின் கொள்ளளவியில் ஏறி, 3.3 வோல்ட்டுக்கெனச் செய்த பகுதியை அதன் எல்லைக்கு மேலே தள்ளியது. எழுப்பும்போது அது ஏற்கெனவே உடைந்திருந்தது.

இந்தப் பொறிமுறை வெளிப்பட மாதங்கள் பிடித்தன. ஏன் என்பது விளங்குகிறது. கதிர்வீச்சு மட்டும் கொடுத்து ஓடவிட்டால் மாற்றி நன்றாகவே ஓடும். கதிர்வீச்சில்லாமல் ஆயிரம் முறை அணைத்து எழுப்பினாலும் நன்றாகவே எழும். இரண்டும் சேர வேண்டும். எந்தத் தனிச் சில்லையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மீட்புக் கட்டளை இல்லாத ஒரு சில்லும் ஓரத்தில் பொசியும் இன்னொரு சில்லும் ஒரே கம்பியில் சந்தித்துக்கொண்டன. தகட்டின் ஆயுளை எழுதிவைத்த பேரேட்டில் இந்தச் சந்திப்புக்கு ஒரு வரி இருக்கவில்லை.

“படகிலும் இதுதான்,” என்றார் அண்ணை. “ஓடுகிற வரைக்கும் ஓடும். கரைக்கு வந்து அணைத்தால்தான் தெரியும்.”

திருத்தம்

2017-18 குளிர்காலத்தில் உணரியை வெளியே எடுத்து மாற்றிகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். அப்போது காரணம் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. கையில் இருந்ததும் அதே வகைச் சில்லுதான். எனவே 2018இல் இயக்கும் முறையை மாற்றினார்கள். உள்ளீட்டை 9 வோல்ட்டுக்கு இறக்கினார்கள். ‘நிறுத்து’ கட்டளையைக் கைவிட்டு, அணைக்க வேண்டுமென்றால் பெரிய வழங்கியிலேயே அணைத்தார்கள். பல பகுதிகள் சேர்ந்து அணைவதைப் பொறுத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு மாற்றிகள் சாகவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய நீண்ட நிறுத்தத்தில் திருத்திய சில்லோடு மாற்றிகள் மீண்டும் மாற்றப்பட்டன. உள் அடுக்கும் புதிதாகச் செய்யப்பட்டது. அதில், உறைந்த முனையை மீட்கும் வழியும் சேர்க்கப்பட்டது.

மின்னை அணைத்து எழுப்பத் தேவையே இல்லாமல் செய்த இந்தக் கடைசி மாற்றம்தான் பழுதின் வேரைத் தொட்டது என்பது என் எண்ணம். மாணவர்களில் பாதிப்பேர் ஒப்புக்கொள்ளவில்லை. பொசியும் திரான்சிற்றரே வேர் என்றார்கள். இரு பக்கமும் எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்த உணரி

மோதல் வீதத்தை உயர்த்திய எல்.எச்.சி.யில் பிக்சல் உணரியின் உள் அடுக்கு சதுர சென்ரிமீற்றருக்கு 10¹⁶ஐத் தாண்டும் சேதத்தைக் காணும். தகடுகள் மெல்லியவை ஆகின்றன. உள் அடுக்கில் முப்பரிமாண மின்வாய்கள் கொண்ட தகடுகள் வருகின்றன. வலு வழங்கலில் மாற்றியையே அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். அட்லஸ், சி.எம்.எஸ் இரண்டிலும் புதிய பிக்சல் தொகுதிகள் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒரே மாறா மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றினூடும் ஓடும்.

அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. தேர்த் திருவிழாவுக்குக் கட்டும் பழைய வண்ண விளக்குச் சரத்தில் ஒன்று போனால் சரமே போகும் என்றார். பதில் உண்டு: ஒவ்வொரு தொகுதியிலும் சில சில்லுகள் சமாந்தரமாக இருக்கின்றன, ஒவ்வொரு சில்லுக்குள்ளும், தனக்கு வேண்டாத மின்னோட்டத்தைப் பக்கவழியாகக் கடத்தும் சீராக்கி இருக்கிறது. ஒரு சில்லு அணைந்தால் அதன் பங்கை மற்றவை சுமக்கும். நான்கு சில்லில் ஒன்று போனால் மற்ற மூன்றும் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்று மாணவி கணக்குப் போட்டாள். இரண்டு போனால் இரு மடங்கு. அந்தக் கூடுதல் சூடு பக்கத்துத் தகட்டுக்குப் போகும், அங்கே பொசிவு ஏறும். எத்தனை பாகை ஏறினால் தகடு தன் கட்டுப்பாட்டை இழக்கும் என்பதை அடுத்த கூட்டத்துக்கு வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வேண்டிய வெப்பத் தடையின் பெறுமானத்தை மட்டும் நான் தேடிக் கொடுக்க வேண்டும்.